மொழி தெரியாத சாமியிடம் சொன்ன பாவம்

சூரியநெல்லி,
6 ஜனவரி 2025

அன்புத் தம்பி மிக்கேல்ராஜுக்கு அக்கா சகாயம் எழுதுவது.

இயேசுவுக்கே புகழ். நானும் அத்தானும் லிஜியும் சுகம். அத்தானின் முழங்கால் வலி மட்டும் பனியோடு வந்திருக்கிறது, பனியோடுதான் போகும். நீயும் டின்சியும் சுகமா? ஆலையில் உன்னை உலைப் பக்கத்திலிருந்து மாற்றினார்களா?

முதலில் நல்ல செய்தி. மே ஐந்தாம் தேதி லிஜிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஷிஜு, வண்டிப்பெரியாரில் மருந்துக் கடையில் வேலை. தாய்மாமன் நீ இரண்டு நாள் முன்பே வந்துவிட வேண்டும்.

இனி விஷயம். போனில் கேட்டிருக்கலாமே என்பாய். லயத்துச் சுவர் உனக்குத் தெரியாதா? நான் இங்கே தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து முத்துப்பேச்சி 'நூறாயுசு' என்கிறாள். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். நம் எஸ்டேட் கோயிலில் இன்றும் அதற்குக் கூண்டு கிடையாது. வராந்தாவில் சாமியாருக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் முழந்தாளிட ஒரு பலகை, பத்தடி தள்ளி வரிசை. யார் எவ்வளவு நேரம் மண்டியிட்டார்கள் என்று வரிசையே பார்த்துக்கொண்டிருக்கும். இந்த முறை இரண்டு நாற்காலி. ஒன்றில் நம் பங்குச் சாமி ஜிபி அச்சன். இன்னொன்றில் ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சாமி. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்தெடுக்க வந்தவர்கள் இப்போது இங்கே பாதி லயத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்காக அழைத்திருந்தார்கள். அந்த வரிசை சின்னது. நான் அதில் போய் நின்றேன்.

பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பாவத்தைச் சொன்னேன். அவர் தலை குனிந்து கேட்டார், கையை உயர்த்தி ஆசீர் தந்தார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பூசையில் அவர் நாலு வார்த்தை பேச, உபதேசியார் ஜோஸ் அதைத் தமிழில் சொன்னார். அந்தச் சாமிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது!

என் பாவம் போனதா, இருக்கிறதா? அது தெரியாமல், பாவத்தோடு நற்கருணை அப்பம் வாங்கப் பயம். கிறிஸ்துமஸ் பூசையில் எல்லாரும் அதை வாங்க எழுந்து போனபோது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் கல்யாணப் பூசையிலும் தாய் உட்கார்ந்திருந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? நீ எங்கள் கோயிலை விட்டுப் போனவன்தான், ஆனால் வேதாகமம் உனக்கு மனப்பாடம். பார்த்துச் சொல். என்ன பாவம் என்று மட்டும் கேட்காதே.

உன் பதிலுக்குத் தபால்காரர் வழியைப் பார்த்திருக்கும்,
அக்கா சகாயம்

•

எலப்புள்ளி,
14 ஜனவரி 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இங்கே இருவரும் சுகம். உலையிலிருந்து மாற்றிவிட்டார்கள், இப்போது எடைமேடை. லிஜி கல்யாணச் செய்தி கேட்டு டின்சி அப்போதே சேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அத்தானுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கோபிக்காதே. இந்தியில் மன்னிப்பு வாங்கி வந்த முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

என் பதில் சுலபமானது. அந்தச் சாமிக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான். யோவான் எழுதிய முதல் நிருபம், முதல் அதிகாரம் ஒன்பதாம் வசனத்தைப் பார். நாம் பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிக்கிறவர் கடவுள். நடுவில் நாற்காலி போட்டு யாரும் உட்காரவில்லை. தாவீது தன் பாவத்தை நேராகக் கடவுளிடம் சொல்லித்தான் அழுதார். பாவசங்கீர்த்தனம் ஓர் அருட்சாதனம் என்று வேதத்தில் எங்கேயாவது எழுதியிருந்தால் காட்டு, மே மாதம் நானும் உன்னோடு வரிசையில் நிற்கிறேன்.

நீ மனம் வருந்திச் சொன்னாய், கடவுளுக்குத் தமிழ் தெரியும். முடிந்தது. நிம்மதியாக இரு.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஜிபி அச்சன் வரிசையை விட்டு ஏன் அங்கே போனாய்? ரேஷன் கடையில்கூட வரிசை மாறாதவள் நீ.

உன் சுகத்துக்கு நாள்தோறும் ஜெபிக்கும்,
தம்பி மிக்கேல்

•

சூரியநெல்லி,
27 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

இயேசுவுக்கே புகழ். எல்லாரும் சுகம். ஒத்தடம் கொடுத்ததில் அத்தான் இப்போது கோயில் படி ஏறுகிறார். எடைமேடைக்கு மாறியது கேட்டு மனம் குளிர்ந்தது.

காட்டு என்றாய் அல்லவா, காட்டுகிறேன். பத்து நாளாக வேலை முடிந்து வந்ததும் வேதாகமமும் கையுமாக இருக்கிறேன். 'பரீட்சை எதும் எழுதப் போறியாம்மா?' என்று லிஜி கேட்கிறாள். யோவான் நற்செய்தி, இருபதாம் அதிகாரம், இருபத்து மூன்றாம் வசனம். உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதி, நீங்கள் யாருடைய பாவத்தை மன்னிக்கிறீர்களோ அது மன்னிக்கப்படும், யாருடையதை மன்னிக்காமல் வைக்கிறீர்களோ அது அப்படியே இருக்கும் என்று சொல்கிறார். மனிதர்களிடம்தான் சொல்கிறார். மன்னிப்பதா வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டுமானால் முதலில் பாவம் என்னவென்று அவர்கள் காதில் விழ வேண்டாமா? காதில் விழ, யாராவது சொல்ல வேண்டாமா? இதற்குப் பெயர் பாவசங்கீர்த்தனம் இல்லாமல் வேறென்ன?

அருட்சாதனம் என்ற சொல் வேதத்தில் இல்லை என்பாய். உங்கள் சபையில் மைக் செட்டும் கீபோர்டும் எந்த அதிகாரத்தில் இருக்கின்றன என்று நீ சொல், பிறகு நான் சொல்கிறேன்.

எனக்கே ஆச்சரியம் மிக்கேல், இத்தனை வருஷம் இந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்து மாலைதான் போட்டிருக்கிறேன். வாசிக்க வாசிக்க விட மனமில்லை. டின்சியைக் கேட்டதாகச் சொல்.

வாதத்தில் விடாத,
அக்கா சகாயம்

•

எலப்புள்ளி,
8 பிப்ரவரி 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். சுகமே. இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உங்கள் குளிரில் பாதியை அனுப்பு.

நல்ல வசனமாகத்தான் பிடித்திருக்கிறாய். எங்கள் பாஸ்டர் சதீஷிடம் காட்டினேன். அது நற்செய்தியைச் சொல்லும் அதிகாரம், ஆள் ஆளாக உட்கார்ந்து கேட்கும் அதிகாரமில்லை என்றார். எனக்கு அந்தப் பதில் அரைகுறையாகத்தான் பட்டது, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் நீ உன் வாதத்திலேயே மாட்டிக்கொண்டாய், கவனித்தாயா? காதில் விழுந்தால்தான் மன்னிக்க முடியும் என்றால், ராஞ்சிச் சாமியின் காதில் உன் பாவம் விழவே இல்லை. அப்படியானால் உன் கணக்குப்படி அது இன்னும் இருக்கிறது. என் கணக்குப்படி போய்விட்டது. எது வேண்டும் உனக்கு?

யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் பதினாறையும் பார். ஒருவருக்கொருவர் குற்றத்தைச் சொல்லி, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறார். இங்கே சபையில் அப்படித்தான் எழுந்து நின்று சாட்சி சொல்கிறோம். மூப்பர் என்பதால் மாதம் ஒருமுறை என் முறை வரும். அப்பாவைப் பற்றித்தான் எப்போதும் சொல்வேன். நான் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தேன் என்று என்னை வாசலோடு அனுப்பியவர், ஏழு வருஷம் பேசாதவர். அந்தப் பெருமழையில் அவர் சாகக் கிடந்தபோது மலைப்பாதை எல்லாம் அடைபட்டு, நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. 'கர்த்தர் வழியை அடைத்தார், அதிலும் அவருக்கு ஒரு சித்தம் உண்டு' என்று முடிப்பேன். கேட்பவர்கள் அழுவார்கள். அந்த ஆறுதலில்தான் இத்தனை காலம் ஓடுகிறது.

வரிசை மாறியதற்கு நீ காரணம் சொல்லவே இல்லையே?

அன்பு குறையாத,
தம்பி மிக்கேல்

•

சூரியநெல்லி,
2 மார்ச் 2025

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது. யானை இறங்கி ஒரு வாரம் தபால் வரவில்லை. மீதி நாட்களுக்கு யானைமேல் பழி போட முடியாது.

நீ சொன்னது சரி, என் வசனமே என்னைப் பிடித்துக்கொண்டது. உனக்கு எதிராக இன்னொன்று தேடப் போய் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருபத்து மூன்றும் இருபத்து நான்கும் கண்ணில் பட்டன. பீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இருக்கிறது. அன்றைக்குப் புத்தகத்தை மூடியவள் இன்னும் திறக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், நன்றாக யோசித்து எழுது. ஒருவருக்குச் செய்த துரோகம் அவருக்கே தெரியாது. தெரியாததால் நிம்மதியாக இருக்கிறார். சாமியிடம் சொல்லி மன்னிப்பு வாங்கினால் போதாதா? அந்த மனிதரிடமும் சொல்லி அவர் நிம்மதியைக் கெடுக்க வேண்டுமா?

டின்சி சுகமா? நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

எலப்புள்ளி,
10 மார்ச் 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

சுகமே. டின்சி உனக்குக் கல்யாணச் சேலை எடுத்துவிட்டாள், நிறம் சொல்லக்கூடாதாம்.

ஒன்பதாம் பக்கம் வரை எழுதிக் கிழித்துவிட்டுச் சுருக்கமாக எழுதுகிறேன். சொல்லத்தான் வேண்டும். தெரியாமல் இருக்கும் நிம்மதி அவருடையது இல்லை, நீ கொடுத்து வைத்திருப்பது. அவர் திட்டுவார், அழுவார், அது அவர் பாடு. வசனம் தெளிவாக இருக்கும்போது சுற்றி வளைக்காதே.

யார் அந்த ஆள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். முத்துப்பேச்சியின் கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டாயா? அத்தானுக்குத் தெரியாமல் ஏதாவதா? யாராக இருந்தாலும் பயப்படாமல் சொல் அக்கா. உன்னை வெறுக்க யாராலும் முடியாது.

உனக்காக ஜெபிக்கும்,
தம்பி மிக்கேல்

•

சூரியநெல்லி,
19 மார்ச் 2025

தம்பி மிக்கேலுக்கு,

நாங்கள் சுகம். நீ இதை உட்கார்ந்து படி.

அந்த ஆள் நீதான்.

அப்பா படுத்த அந்த மழையில் வழியெல்லாம் அடைபட்டது உண்மை. ஆனால் போடிமெட்டுப் பாதையை இரண்டாம் நாளே திறந்துவிட்டார்கள். நம் எஸ்டேட் லாரியே போய் வந்தது. அன்று மத்தியானம் நீ போன் செய்து, 'வழி தெறந்துட்டாங்களாக்கா?' என்று கேட்டாய். 'இல்லப்பா, எல்லா பக்கமும் மண்ணு சரிஞ்சு கெடக்கு, கெளம்பிராத' என்றேன். அதன் பிறகு அப்பா இரண்டு நாள் இருந்தார். நல்ல நினைவோடு இருந்தார். அடக்கம் முடிந்த பிறகுதான் வழி திறந்ததென்று உனக்குச் சொன்னேன்.

அந்த இரண்டு நாளும் உன்னைத்தான் கேட்டார். 'மிக்கேலு வந்துட்டானா?' என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜிபி அச்சன் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, அவஸ்தைப்பூசுதல் எண்ணெய் பூசிவிட்டுப் போன பிறகும் கேட்டார். 'அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்மா, அவன் பெட்டிய மழையில தூக்கி எறிஞ்சிட்டேனே' என்றார். நான், 'அதான் சாமிகிட்ட சொல்லிட்டீங்கள்ல, போதும்ப்பா' என்றேன். அவர் சொன்னார், 'சாமிகிட்ட சொன்னது சாமிக்கு. அவங்கிட்ட சொல்ல வேண்டியது அவனுக்குல்லா.' நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். நீ பாஸ்டரைக் கூட்டி வந்து ஜெபம் செய்வாய், கடைசி நேரத்தில் அப்பாவை மாற்றிவிடுவாய், கோயில் கல்லறையில் இடம் கிடைக்காமல் போகும் என்று பயந்தேன். இது பாதி. மீதியும் எழுதிவிடுகிறேன். நீ போன பிறகு அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மருந்து கொடுத்தது நான். அவர் கேட்டதோ உன்னை. எனக்குப் பொறாமை, மிக்கேல். என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பேனோ என்னவோ.

வரிசையைப் பற்றி இரண்டு தடவை கேட்டாய். தெரியாமல் நிற்கவில்லை. அந்தச் சாமிக்குத் தமிழ் வராது என்று ஜோஸ் முந்தின நாளே சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அங்கே நின்றேன். சொன்னதாகவும் இருக்க வேண்டும், யாருக்கும் தெரியவும் கூடாது. மறுநாள்தான் தெரிந்தது போல உனக்கு எழுதியதும் பொய்.

இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேராக ஜிபி அச்சனிடம் போகிறேன், தமிழில் சொல்லப்போகிறேன். ஆனால் உன்னிடம் முதலில் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு தம்பி.

சகாயம்

•

சூரியநெல்லி,
12 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? அது ஒன்று தெரிந்தால் போதும். போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. தப்பில்லை.

ஜிபி அச்சனிடம் சொல்லிவிட்டேன். நான் மண்டியிட்ட நேரத்தை வரிசையில் இருந்தவர்கள் இன்னும் பேசுகிறார்களாம், பேசட்டும். அவர் முழுதும் கேட்டார். பாவமன்னிப்புக் கொடுத்தார். 'தெய்வம் பொறுத்துட்டு. இனி அனியன் பொறுக்கணும், அதினு நான் ஒண்ணும் செய்ய ஒக்காது' என்றார். அனியன் என்றால் தம்பி, மறந்திருக்க மாட்டாய்.

நாளை குருத்தோலை ஞாயிறு. சட்டப்படி நான் நற்கருணை வாங்கலாம். வாங்க மாட்டேன். ஈஸ்டருக்கும் மாட்டேன். நீ ஒரு வரி எழுதாமல் லிஜி கல்யாணத்துக்கும் மாட்டேன், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். உன்னை மிரட்டவில்லை. என்னால் எழுந்து போக முடியவில்லை, அவ்வளவுதான்.

இதனுள் கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கிறேன். தாய்மாமன் இடத்தில் உன் பெயர்தான் இருக்கிறது.

அக்கா

•

எலப்புள்ளி,
27 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க இத்தனை நாள் மனம் வரவில்லை. இன்று கேட்கிறேன், சுகமா?

உன் கடிதத்தை ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். டிபனை அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்று இரவே 'நீ என் அக்கா இல்லை' என்று எழுதினேன். காலையில் கிழித்தேன். அப்படி நாலு கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன்.

மன்னிக்கிறவர் கடவுள் ஒருவரே, முடிந்தது, நிம்மதியாக இரு என்று உனக்கு எவ்வளவு லேசாக எழுதினேன்! என்னிடம் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. மன்னிக்கவும் என்னால் முடியும், மன்னிக்காமல் வைத்துக்கொள்ளவும் முடியும். நான் வைத்துக்கொண்டால் நீ அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாய். இப்படி ஒன்று மனிதன் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் என்று நான் நம்பியதே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. யோவான் இருபதை இப்போது தினமும் வாசிக்கிறேன். பாஸ்டரின் விளக்கம் எனக்குப் போதவில்லை, உன் விளக்கமும் முழுதாகப் பிடிபடவில்லை. இன்னும் தேடுகிறேன்.

உன்மேல் கோபம் வரும்போதெல்லாம் அப்பா வாசலைப் பார்த்து என்னைக் கேட்டதும் சேர்ந்தே வருகிறது. அவர் என்னை வெறுத்துக்கொண்டே போனார் என்றுதான் நினைத்திருந்தேன். மேடையில் ஆறுதல் சொன்னேனே தவிர, வீட்டில் எனக்கு ஆறுதல் இருந்ததில்லை. நீ சொல்லாமலே இருந்திருந்தால் நான் அப்படியே செத்திருப்பேன்.

மன்னித்துவிட்டேன் அக்கா. இதை எழுத முப்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது, அதற்கு நீ என்னை மன்னி.

இன்று சபையில் என் முறை. எழுந்து, 'என் தகப்பனைப் பாக்க விடாம கர்த்தர் வழிய அடைச்சாருன்னு இத்தனை வருஷம் சொன்னேன். அது தப்பு. அவர் அடைக்கல' என்றேன். அத்தோடு உட்கார்ந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

'ஏனுங்க பிரதர், அப்பறம் அடச்சது யாருங்க?'

'அத ஒருத்தர் எங்கிட்ட நம்பிச் சொல்லிருக்காங்க பாஸ்டர். நான் சொல்ல மாட்டேன்.'

'சபை முன்னால இத்தன வருசம் சாட்சி சொல்லிப்போட்டு, இப்ப மாத்தறீங்க. காரணம் சொல்லோணுமல்லங்க? சொல்லாத முட்டும் மூப்பரா நிக்க முடியாதுங்க.'

சரி என்று, மூப்பராக என்னிடம் இருந்த சபைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் டின்சி கேட்டாள், அவளிடமும் சொல்லவில்லை. கல்யாணமாகி இதுவரை அவளிடம் நான் மறைத்தது ஒன்றுமில்லை, அதனால் அழுதாள். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீயும் இனி யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் தேதி மத்தியானம் வந்து சேருவோம். கல்யாணப் பூசையில் நற்கருணைக்கு நீ எழுந்து போ.

உன் தம்பி,
மிக்கேல்